விடுதிப் பள்ளியா, ஆட்டப் பலகையா?

கேள்வி: எங்கள் பையன் எட்டாம் வகுப்பு. மாவட்டப் போட்டிகளில் செஸ் ஆடுகிறான். இப்போது ‘மார்ச் கம்ஸ் இன் லைக் எ லயன்’ என்ற ஜப்பானிய மங்காவே கதியென்று கிடக்கிறான். அதில் பள்ளிக்கூடப் பையனே ஷோகி ஆடிச் சம்பாதிக்கிறானாம், தானும் அப்படி ஆவேன் என்கிறான். அவன் அப்பாவோ, அடுத்த வருஷம் நாமக்கல் பக்கம் விடுதிப் பள்ளியில் சேர்த்து, பன்னிரண்டாவது முடியும்வரை ஆட்டத்தையே நிறுத்திவிடலாம் என்கிறார். என்ன செய்யட்டும்?
- வாசகி, இராசிபுரம்

பதில்: அம்மா, முதலில் அந்த மங்காவை நீங்கள் இருவரும் படியுங்கள். சிகா உமினோ 2007-இலிருந்து வரைந்துவருவது. ஷோகி நம் செஸ்ஸுக்குப் பங்காளி ஆட்டம். 81 கட்டம், ஆளுக்கு 20 காய். எதிராளியிடம் வெட்டிய காயை நம் காயாகவே மறுபடி இறக்கலாம்.

கதைநாயகன் ரெய், நடுநிலைப் பள்ளியிலேயே தொழில்முறை ஆட்டக்காரன் ஆனவன். ஜப்பானில் நிஜமாகவே அப்படி ஆனவர்களில் 2016-இல் வந்த சோதா ஃபுஜீ ஐந்தாமவர்தான். தொழில்முறைக்கான பயிற்சிக் கழகத்தில் பொதுவிதி, 26 வயதுக்குள் தேற வேண்டும், இல்லையென்றால் வெளியே. அத்தனை கடுமை. ரெய்யை வளர்த்த கோதா, அவனை வெல்ல முடியாத தன் சொந்த மகளையே ஆட்டத்தை விடச் சொல்கிறார். ரெய்க்கு வருமானம் இருக்கிறது, தனி வீடு இருக்கிறது, கூட உட்கார்ந்து சாப்பிட ஆளில்லை. நடுநிலையோடு படிப்பை விட்டவன், ஒரு வருஷம் கழித்து உயர்நிலைப் பள்ளிக்குப் போகிறான். இந்த இடத்தைப் பையனோடு சேர்ந்து படியுங்கள்.

அப்பாவுக்கு வேறு இடம் இருக்கிறது. ரெய்யைத் தூக்கி நிறுத்துவது வெற்றியல்ல, மூன்று சகோதரிகளின் வீட்டில் கிடைக்கும் இரவுச் சோறும் பேச்சும்தான். பதின்மூன்று வயதுப் பையனை வீட்டிலிருந்தும் பலகையிலிருந்தும் ஒரே நாளில் பிரிப்பது எனக்குச் சம்மதமில்லை.

செஸ்ஸில் 26 வயதில் கதவு சாத்தப்படுவதில்லை. நாகர்கோவில் ஷ்யாம் நிகில் கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கு வேண்டிய 2500 தரப்புள்ளியையும், ‘நார்ம்’ எனும் போட்டித் தகுதிகள் மூன்றில் இரண்டையும் 2012-லேயே எட்டிவிட்டார். மூன்றாவது நார்ம் கிடைத்தது 2024-இல், துபாயில். கிராண்ட்மாஸ்டர் ஆனபோது வயது 31. காவிரிக்கு அக்கரையில் ஈரோட்டு இனியன் 2019-இல் ஆனார். குகேஷ் 12 வயதில் கிராண்ட்மாஸ்டர், 2024 டிசம்பரில் 18 வயதில் உலக சாம்பியன். ஆனால் அதற்காக அவர் அப்பா தன் மருத்துவத் தொழிலையே நிறுத்திவைத்தார். எல்லா வீட்டுக்கும் ஆகிற காரியமா அது?

ஷோகியை ஆசைக்கு ஆடட்டும், அட்டையில் கட்டம் போட்டால் பலகை தயார். தொழிலாக வேண்டுமென்றால் ஜப்பானுக்கே போக வேண்டும். போலந்தின் கரோலினா ஸ்டிச்சின்ஸ்கா அப்படிப் போய், 2017-இல் பெண்கள் பிரிவில் தொழில்முறை வீராங்கனை ஆனார்.

இப்போதைக்குத் தினம் ஒரு மணி நேரம் செஸ், மாதம் ஒரு போட்டி. சேலம், ஈரோடு, கோவை போதும். தோற்ற ஆட்டங்களை எழுதிவைத்து, மறுநாள் ஒவ்வொரு நகர்த்தலாகத் திரும்பப் பார்க்கட்டும். விடுதிதான் என்று முடிவானால், போட்டிக்கு விடுப்புத் தருவார்களா, வாரக் கடைசியில் வீட்டுக்கு விடுவார்களா என்று கட்டணம் கட்டுமுன் கேளுங்கள். கேட்கும்போது பையனும் பக்கத்தில் இருக்கட்டும்.