கால்வலிக்கு கிரியாட்டினா?

அன்புள்ள தம்பிக்கு,

காவலர் தேர்வுக்காகக் காலையில் ஓட்டம், மாலையில் கயிறு ஏறுதல், நடுவே ஜிம் என்று உழைக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை கடுமையாகப் பயிற்சி எடுத்தால் செவ்வாய்க்கிழமை வரை படி இறங்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஜிம் மாஸ்டர் கிரியாட்டின் டப்பாவைக் காட்டுகிறார். 'அது ஸ்டீராய்டு, கிட்னி போய்விடும்' என்று அம்மா பயப்படுகிறார்.

அம்மாவிடம் சொல்லுங்கள், அது ஸ்டீராய்டு அல்ல. நம் உடம்பே தினமும் ஒரு கிராம் அளவுக்கு உண்டாக்கிக்கொள்ளும் பொருள். மீனிலும் கறியிலும் இருக்கிறது. உடம்பில் இருப்பதில் 95 சதவீதம் தசையில்தான். விளையாட்டு வீரர்களுக்கான சர்வதேச ஊக்கமருந்துத் தடைப் பட்டியலிலும் அது இல்லை.

தசைக்குள் அதன் வேலையைத் துலக்கியவர்களில் ஒருவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் என்பதில் எனக்குத் தனிப் பெருமை. எல்லாப்பிரகடா சுப்பாராவ். கதர் அணிந்ததற்காகப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியே வந்தவர். பிறகு ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க்குடன் சேர்ந்து 1927-இல் பாஸ்போகிரியாட்டினைக் கண்டறிந்தார். தசை முழு வேகத்தில் இயங்கும்போது ஏ.டி.பி. என்ற எரிபொருள் நொடிகளில் கரைந்துபோகும். தன் பாஸ்பேட்டைக் கொடுத்து அதை உடனுக்குடன் திரும்ப உண்டாக்குவது பாஸ்போகிரியாட்டின்தான். அந்தக் கையிருப்பும் பத்து நொடி வாக்கில் பெரும்பாலும் தீர்ந்துவிடும். சில நிமிடம் ஓய்வெடுத்தால் மறுபடி நிரம்பும்.

ஆகவே கயிறு, 100 மீட்டர், நீளம் தாண்டுதல் ஆகியவற்றுக்கு கிரியாட்டின் கைகொடுக்கும். 1,500 மீட்டருக்கு அதை நம்பாதீர்கள். ஏழு நிமிடத்துக்குள் முடிக்க வேண்டிய அந்த ஓட்டம் இதயமும் மூச்சும் பார்க்கிற வேலை. போதாததற்கு, தசை நீரைப் பிடித்துவைத்துக்கொள்வதால் ஆரம்பத்தில் ஒன்றிரண்டு கிலோ எடை கூடலாம். அதையும் தூக்கிக்கொண்டுதான் ஓட வேண்டும்.

இனி, உங்கள் கால்வலி. லாக்டிக் அமிலம் தேங்கியதால் வருகிறது என்று மைதானத்தில் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அந்த அமிலம் பயிற்சி முடிந்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் ரத்தத்திலிருந்து அகன்றுவிடும். பழக்கமில்லாத பளுவால், அதுவும் இறக்கத்தில் ஓடும்போதும் எடையை மெல்லக் கீழே இறக்கும்போதும், தசை நார்களில் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. அதைச் சரிசெய்ய உடம்பு இறங்கும்போது வருவதே இந்த வலி. ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் உச்சத்துக்குப் போய்த் தணியும். இதில் கிரியாட்டின் உதவுமா? சில ஆய்வுகளில் பலம் சீக்கிரம் திரும்பியிருக்கிறது. வேறு சிலவற்றில் எந்த வித்தியாசமும் இல்லை. வலிக்காக மட்டும் அதை வாங்குவது வீண் செலவு என்பதே என் கருத்து.

அதே பயிற்சியை இடைவெளி விட்டுத் திரும்பச் செய்தால் அடுத்த முறை வலி குறையும். ஒரே நாளில் எல்லாவற்றையும் குவிக்காதீர்கள். நன்றாகத் தூங்குங்கள். முட்டை, பருப்பு, சுண்டல் என்று புரதத்தை மூன்று வேளைக்கும் பிரித்துச் சாப்பிடுங்கள்.

இதற்கு மேலும் கையில் காசு இருந்து வாங்கினால், வேறெதுவும் கலக்காத கிரியாட்டின் மோனோஹைட்ரேட் போதும். தினம் 3 முதல் 5 கிராம். முதல் வாரம் 20 கிராம் போடச் சொன்னால் தேவையில்லை. குறைந்த அளவிலேயே நான்கு வாரத்தில் தசை நிறைந்துவிடும். சைவம் சாப்பிடுகிறவர்களுக்குப் பலன் சற்றுக் கூடுதலாகத் தெரியும்.

ஆரோக்கியமானவர்கள் இந்த அளவில் எடுத்தால் சிறுநீரகம் கெட்டதாக ஆய்வுகளில் தெரியவில்லை. சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. ரத்தப் பரிசோதனைக்குப் போனால் கிரியாட்டின் எடுப்பதைச் சொல்லிவிடுங்கள். 'கிரியாட்டினின்' (creatinine) என்ற கழிவுப்பொருளின் அளவு அதனாலேயே சற்று ஏறித் தெரியலாம்.

கடும் பயிற்சிக்குப் பிறகு தசை வீங்கி, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் மட்டும் காத்திருக்காதீர்கள். தசை சிதைந்து அதன் கழிவு சிறுநீரகத்தைத் தாக்குவதாக இருக்கலாம். அன்றைக்கே, இரவானாலும், ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்