பரோட்டாக் கணக்கு

என் பன்னிரண்டாம் வகுப்பில் பாதிப் பேர் பட்டாசுத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். "ஹோட்டல் படிப்புன்னா பரோட்டா போடுறதுதானே சார்?" என்றான் வணிகவியல் மாணவன் ஒருவன்.

"விருதுநகர் எண்ணெய் பரோட்டா ஒன்றின் அடக்கவிலை என்ன?" என்று கேட்டேன். மைதா, எண்ணெய், விறகு, கூலி என்று குழுவாகக் கணக்கிட்டார்கள். அந்தப் பட்டப்படிப்பில் இதுவும் ஒரு பாடம் என்றேன். வரவேற்பு, அறைப் பராமரிப்பு, உணவு பரிமாறுதல் ஆகியவையும் உண்டு.

சென்னை தரமணியிலும் திருச்சி துவாக்குடியிலும் அரசு நிறுவனங்கள் உள்ளன. 3 ஆண்டுப் படிப்பு. எந்தப் பிரிவினரும் சேரலாம். பிளஸ் டூவில் ஆங்கிலம் ஒரு பாடமாக இருக்க வேண்டும். தரமணிக்குத் தேசிய நுழைவுத் தேர்வு உண்டு.

மறுநாள் அவன் அப்பா வந்தார். "மருந்து வாடை இல்லாத வேலைதானே சார்?" என்று மட்டும் கேட்டார்.

நுழைவுத் தேர்வு அறிவிப்பு வந்ததும் வகுப்பறைச் சுவரில் ஒட்டிவிடுங்கள், ஆசிரியர்களே.