கதை இல்லாத படச்சுருள்

பதுளை

அன்புள்ள தம்பிக்கு,

பதுளைக்கு ரயில் வந்து சேர்ந்த 1924-ஆம் ஆண்டில்தான், பெர்லினில் விக்கிங் எக்கெலிங் என்ற ஓவியர் ‘சிம்பொனி டியாகொனால்’ படத்தை முடித்தார். கறுப்புத் திரையில் வெள்ளைக் கோடுகள் வளர்ந்து சுருங்கும். நடிகரும் இல்லை, கதையும் இல்லை. இப்படிப்பட்ட அரூபப் படங்களைத் தேடிச் சேகரிப்பாளர்கள் ஏன் அலைகிறார்கள் என்று கேட்டிருந்தாய்.

கதைப்படம் தொலைந்தாலும் பாட்டுப் புத்தகம் மிஞ்சும். பார்த்தவர் கதை சொல்வார். அரூபப் படத்தை வாயால் சொல்ல முடியாது. சுருள் போனால் எல்லாம் போயிற்று.

மும்பை ஓவியர் அக்பர் பதம்சீக்கு அதுதான் நடந்தது. நேரு நல்கைப் பணத்தில் 1969-இல் ஒரு பட்டறை தொடங்கி, கோடுகளும் புள்ளிகளும் மட்டுமே அசையும் ‘சிசிஜி’ படத்தை உருவாக்கினார். அக்காலத்திலேயே, தன் ஓவியம் ஒன்றின் நிலக்காட்சியை ஒளியால் எழுப்பி, 16 மி.மீ. சுருளில் ‘ஈவென்ட்ஸ் இன் எ கிளவுட் சேம்பர்’ எடுத்தார். அதன் பிரதி தொலைந்துபோனது. முதியவரான பதம்சீயின் நினைவைத் துணைகொண்டு அஷிம் அலுவாலியா 2016-இல் அதை மீண்டும் உருவாக்கினார். அருமையான முயற்சி. ஆனால் நினைவிலிருந்து எழுந்தது வேறொரு படம்தான். மூலச் சுருள் எங்காவது ஒரு பரணில் கிடக்கலாம் என்ற எண்ணமே சேகரிப்பாளரைத் தூங்கவிடாது.

மலையகத்துக்கும் இந்த வரலாற்றில் பங்குண்டு. இலங்கைத் தேயிலைப் பிரசார சபையின் பணத்தில் பேசில் ரைட் 1934-இல் எடுத்த ‘சோங் ஒஃப் சிலோன்’, விளம்பரமாகத் தொடங்கிச் சோதனைப் படமாக முடிந்தது. இலங்கையைப் பற்றி ரொபர்ட் நொக்ஸ் எழுதி 1681-இல் வெளியான நூலின் வரிகளை லயனல் வெண்ட் வாசிக்கிறார். திரையில் கொழுந்து பறிக்கிறார்கள். காதில் விழுவதோ சந்தை விலையும் தந்திச் செய்தியும். காட்சியையும் ஒலியையும் இப்படி மோதவிட்டது அன்று புதுமை. கொழுந்து பறித்தவர்களின் பெயர்கள் மட்டும் படத்தில் இல்லை. அது பெரிய குறை.

அந்தப் படத்தை முடித்துக் கொடுத்த பிரித்தானியத் தபால் துறைப் படப்பிரிவுக்காகவே, 1935-இல் லென் லை கமரா இல்லாமல் நேரடியாகப் படச்சுருளில் வண்ணம் தீட்டி ‘எ கலர் பொக்ஸ்’ செய்தார். அங்கே தூரிகைத் தடமே படம். சேகரிப்பாளர் அதை ஓவியமாகவே மதிப்பார்.

நீயும் பழைய பங்களாச் சாமான்களுக்கிடையில் தகர டப்பாவில் சுருள் ஏதும் கண்டால், முதலில் முகர்ந்து பார். வினாகிரி வாடை அடித்தால் அசிடேட் சிதைகிறது; மற்றச் சுருள்களிலிருந்து உடனே பிரித்து வை. புரொஜெக்டரில் ஓட்டாதே, ஓரத் துளைகள் கிழிந்துவிடும். ஈரமில்லாத குளிர்ந்த இடத்தில் வை. டப்பா மேல் ஒட்டிய துண்டுக் காகிதத்தையும் பத்திரப்படுத்து. படத்தை இன்னாருடையது என்று அடையாளம் காண அது மட்டுமே மிஞ்சியிருக்கலாம்.

அன்புடன்,
அண்ணன்