லீற்றர் கணக்கும் மெட்ரோலாக்கும்

கேகாலைப் பக்கத்து றப்பர் தோட்டங்களில், பால் வெட்டுகிறவர் கொண்டுவரும் வாளியை அளந்ததோடு விடமாட்டார்கள். மெட்ரோலாக் என்ற அளவுகருவியைப் பாலில் மிதக்கவிட்டுப் பார்ப்பார்கள். தண்ணீர் கலந்திருந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும். புரோகிராமிங் படிக்கும் நம் லயத்துப் பிள்ளைகளோ, தரத்தை விட்டு எண்ணிக்கையைப் பார்க்கும் லீற்றர் கணக்கிலேயே நிற்கிறார்கள்.

நம்பிக்கை: சான்றிதழ் கூடினால் சம்பளம் கூடும்.

உண்மை: இணையவழி வேலை பிடித்துத் தரும் அப்வேர்க் தளமே தன் திறன் தேர்வுகளை 2019இல் நிறுத்திவிட்டது. வேலை கொடுப்பவர் பார்ப்பது முடித்துக்கொடுத்த வேலையை. கிட்ஹப்பில் பார்த்தெழுதிய பத்துப் பயிற்சிகளை அடுக்குவதைவிட, கொழுந்து நிறுவையைப் பதியும் ஒரு சின்னச் செயலி போதும். ஆனால் அது ஓட வேண்டும். சிக்னல் இல்லாத மலையில் பதிந்த கணக்கு பிறகு எப்படிச் சேர்கிறது, ஒரே நிறுவை இரண்டு தரம் பதிந்தால் என்ன ஆகும் என்று பக்கத்திலேயே எழுதி வையுங்கள். அனுபவமுள்ளவர் முதலில் துருவுவது அதைத்தான்.

நம்பிக்கை: கம்பஸ் போகாதவர்களை யாரும் எடுக்கமாட்டார்கள்.

உண்மை: பெலிஹுல்ஓயாவில் சப்ரகமுவ பல்கலைக்கழகம் இருக்கிறது, இடம் கிடைத்தால் விடாதீர்கள். கிடைக்காவிட்டாலும், வேலை செய்தே கற்றதை மதிப்பிட்டு என்.வி.கியூ. தகைமை தரும் ஏற்பாடு நாட்டில் உண்டு. இன்னொரு வழியும் உண்டு: திறந்த மூல மென்பொருளுக்குக் கோட் எழுதவைக்கும் கூகுள் சம்மர் ஒஃப் கோட் திட்டம் 2005இல் மாணவர்களுக்காகத் தொடங்கியது. மொரட்டுவைப் பல்கலைக்கழகம் அதில் பெயர் வாங்கியது. 2022 முதல் மாணவராக இருக்க வேண்டியதில்லை. 18 வயது நிரம்பிய, திறந்த மூல மென்பொருளுக்குப் புதியவர்களும் விண்ணப்பிக்கலாம். உதவித்தொகையும் உண்டு. ஆங்கிலம் வேண்டாம் என்று மட்டும் சொல்லமாட்டேன். வாசிக்கவும் எழுதவும் வந்தே ஆக வேண்டும்.

நம்பிக்கை: காசில்லாமல் கோட் எழுதுவது ஏமாளித்தனம்.

உண்மை: யாருக்கு எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கைத் தன்னார்வலர்கள் எழுதிய சஹானா என்ற திறந்த மூலப் பேரிடர் உதவி மென்பொருள், 2010 ஹெய்ட்டி நிலநடுக்கத்திலும் பயன்பட்டது. இப்படித் திறந்து வைத்த மென்பொருளில் எந்த வரியை யார் மாற்றினார் என்பது பெயரோடு நிற்கும். எவரும் திறந்து பார்க்கலாம். “முதல்ல சும்மா செஞ்சு குடுங்க தம்பி, பிறகு பார்ப்போம்” என்கிற முதலாளிக்கு எழுதியதோ அவர் கணினிக்குள்ளேயே கிடக்கும். அது ஏமாளித்தனம்தான்.

நம்பிக்கை: திறமையைப் பார்த்து முதலாளிகளே சம்பளத்தைக் கூட்டித் தருவார்கள்.

உண்மை: பெரும்பாலும் தரமாட்டார்கள். கேட்கப் போகும்போது, “நல்லா வேலை செய்றேன் சேர்” என்பது லீற்றர் கணக்கு. “எட்டு விநாடி எடுத்த பக்கம் இப்போ ரெண்டு விநாடியில திறக்குது, இதோ பதிவு” என்று சொல்லிப் பாருங்கள்.