அளவுகோலும் பணியும்

சேலத்திலிருந்து ஆத்தூர் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த ஊர் வாழப்பாடி. அதனைச் சூழ்ந்த சிற்றூர்களில் மரவள்ளிக் கிழங்கு பயிராகின்றது. குச்சிக்கிழங்கு என்று மக்கள் வழங்கும் இதிலிருந்தே ஜவ்வரிசி செய்யப்படுகின்றது.

கிழங்கின் தோலை உரித்துக் கழுவி அரைத்து, வடித்த பாலைத் தொட்டிகளில் தெளிய வைப்பர். அடியில் தங்கும் மாவைச் சிறு மணிகளாக உருட்டி, வறுத்து, வெயிலில் உலர்த்துவர். தோல் முற்றும் நீங்கி, நீர் தூயதாய் இருந்து, மாவு உரிய காலத்தில் உலர்ந்தால் மணி வெண்மையாய் அமையும். ஆதலின் வெண்மை, உழைப்போரின் கவனத்திற்கு ஓர் அடையாளமாயிற்று. வாணிகரும் அதனைக் கண்டே விலை மதித்தனர்.

இடர் இங்கேதான் தோன்றியது. வெண்மைக்கே விலை என்றதும், கவனமின்றியே வெண்மை பெறும் வழியைச் சிலர் நாடினர். சட்டம் ஒப்பாத வெளுப்பு மருந்துகளை மாவில் கலந்தனர். உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் இதனைத் தடுக்க நடவடிக்கை எடுக்க வேண்டியதாயிற்று. அடையாளம் நின்றது, அது காட்டிய பண்பு அகன்றது. தோலுரிப்போருக்கு எடையை மட்டும் நோக்கிக் கூலி அளித்தாலும் இவ்வாறே நேரும். கை விரையும், தோல் எஞ்சும். எதனை அளந்து ஊதியம் தருகின்றோமோ, அதனையே உழைப்பவர் மிகுதியாகத் தருவர்.

கல்விப் பணியிலும் இவ்வுண்மை வெளிப்பட்டது. இங்கிலாந்தில் 1862-ஆம் ஆண்டு, பள்ளிகளுக்கு அளிக்கும் அரசு மானியத்தை மாணவரின் தேர்வோடு பிணைத்தனர். ஆய்வாளர் முன்னிலையில் படித்தல், எழுதுதல், கணக்கிடுதல் ஆகிய மூன்றில் தேறுவோரின் எண்ணிக்கைக்கேற்பப் பொருள் கிடைத்தது. விளைந்தது என்ன? சிறுவர் பாடநூலை நெட்டுருச் செய்தனர். பொருள் விளங்காமலே ஒப்பித்தனர். தேர்வில் இடம்பெறாத பாடங்கள் புறக்கணிக்கப்பட்டன. பள்ளி ஆய்வாளராய் இருந்த கவிஞர் மாத்யூ ஆர்னால்டு இம்முறையைக் கடுமையாகக் கண்டித்தார். 1890-களில் அது கைவிடப்பட்டது.

நம் நாட்டிலும் குடும்ப நலப் பணியாளர்க்கு, இத்தனை பேருக்கு அறுவை செய்விக்க வேண்டும் என மேலிருந்து இலக்கு விதித்த காலம் உண்டு. எண்ணிக்கையை நிரப்புவதே பணியாயிற்று. தாய்மாரின் உண்மைத் தேவை பின்னுக்குச் சென்றது. 1996 ஏப்ரலில் இந்திய அரசு அவ்விலக்குகளை நாடெங்கும் நீக்கி, மக்களின் தேவையறிந்து பணியைத் திட்டமிடும் முறையை மேற்கொண்டது.

அங்ஙனமாயின் இலக்கும் ஊக்கப் பரிசும் வேண்டாவோ? வேண்டும். நன்கு உழைப்பவரும் உழையாதவரும் ஒரே நிலையில் வைக்கப்படின் ஊக்கம் குன்றும். ஆனால் ஒரே அளவுகோலைக் கொண்டு பணி முழுவதையும் அளத்தல் தகாது. அளவோடு தரத்தையும் ஆராய்தல் வேண்டும். பணியின் பயனைப் பெறுவோரின் கருத்தையும் கேட்டறிதல் வேண்டும்.

மாணவர் பெறும் மதிப்பெண்ணும் ஓர் அடையாளமே. அறிவு வளர, மதிப்பெண் உடன் வரும். மதிப்பெண்ணை மட்டும் நாடினால் அறிவு வரும் என்பதற்கு உறுதி இல்லை. இவ்வேற்றுமையை இளமையிலேயே உணர்ந்தவர், பின்னாளில் எத்தொழிலை மேற்கொள்ளினும், காண்பார் இல்லாத இடத்தும் அதனைச் செம்மையாகச் செய்வர்.