முதல் நாவலை வெளியிடும் இளம் எழுத்தாளருக்கு

தமிழில் ஒரு நாவல் விற்பது பெரும்பாலும் ஒரு வாசகர் இன்னொரு வாசகரிடம் சொல்வதால்தான். தொலைக்காட்சி விளம்பரமோ சாலையோரப் பதாகையோ அதற்குக் கிடைப்பது அபூர்வம். பத்திரிகைகளின் மதிப்புரைப் பக்கங்களும் சுருங்கிவிட்ட பிறகு, அந்த வாய்ச்சொல் பரவும் இடங்களாக ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் யூடியூபும் இன்ஸ்டாகிராமும் ஆகிவிட்டன. ஆகவே, படித்தவர் அடுத்தவரிடம் எடுத்துச் சொல்லத் தக்க ஏதாவது ஒன்றை நாவலுக்குள்ளிருந்து எடுத்து வெளியே வைப்பதே சமூக ஊடகத்தில் இளம் நாவலாசிரியர் செய்ய வேண்டிய வேலை. இக்கடிதத்தில் வரும் யோசனைகள் எல்லாம் இதிலிருந்தே கிளைப்பவை.

வழக்கமாக நடப்பது வேறு. முதலில் அட்டைப்படம் வரும். அடுத்து வெளியீட்டு விழா அழைப்பிதழ், பிறகு மேடையில் பிரபலங்கள் நூலை உயர்த்திப் பிடித்து நிற்கும் படம். நண்பர்கள் வாழ்த்துவார்கள், நூற்றுக்கணக்கில் விருப்பக்குறிகள் விழும். அத்தனை பதிவுகளிலும் நாவலின் ஒரு வரிகூட இராது. என்ன கதை, எப்படிப்பட்ட மொழி, யாருடைய வாழ்க்கை என்று எதுவும் தெரியாதவர் எதை நம்பி முன்பதிவு செய்வார்? வாழ்த்தியவர்களில் மிகச் சிலரே நூலை வாங்குகிறார்கள் என்ற மனக்குறை பல எழுத்தாளர்களுக்கு உண்டு. அதில் வாழ்த்தியவர்களின் குற்றம் ஏதுமில்லை. வாங்கத் தூண்டும் எதையும் அந்தப் பதிவுகள் அவர்களுக்குக் கொடுக்கவில்லை.

நாவலின் பக்கங்களையே கொடுப்பதுதான் முதல் யோசனை. இது தமிழுக்குப் புதிதும் அல்ல. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் வாரந்தோறும் வந்த பிறகே நூலானது. சு. வெங்கடேசனின் 'வேள்பாரி' ஆனந்த விகடனில் 2016 முதல் 2018 வரை தொடராக வந்தது. தொடரைப் படித்து முடித்தவர்களும் நூலை வாங்கினார்கள். ஒரு லட்சம் பிரதிகள் விற்றதை 2025 ஜூலையில் விழா எடுத்தே கொண்டாடினார்கள். ஜெயமோகன் 2014 ஜனவரி 1 அன்று தொடங்கி 2020 ஜூலை வரை 'வெண்முரசு' வரிசையின் 26 நாவல்களை நாள்தோறும் ஓர் அத்தியாயமாக இணையத்தில் இலவசமாக வெளியிட்டார். முழுவதும் இணையத்தில் கிடைத்தபோதும் அச்சு நூல்களுக்கு வாசகர்கள் இருந்தார்கள். அமெரிக்காவில் ஆண்டி வியர் 'தி மார்ஷியன்' நாவலை 2009 முதல் தன் தளத்தில் அத்தியாயம் அத்தியாயமாகப் போட்டார். வாசகர்கள் கேட்டதால் 2011-இல் 99 சென்ட் விலையில் கிண்டிலில் ஏற்றினார். 2014-இல் பெரிய பதிப்பகம் அச்சிட்டது. அமீஷ் திரிபாதியின் முதல் நாவல் 2010-இல் வந்தபோது, அதன் முதல் அத்தியாயத்தைத் தனியாக அச்சிட்டுப் புத்தகக் கடைகளில் இலவசமாகக் கொடுக்கச் செய்தார்கள். உள்ளே இருப்பதைக் காட்டினால் விற்பனை கெட்டுவிடும் என்ற அச்சத்துக்கு இந்த அனுபவங்களில் ஆதாரம் இல்லை.

எந்தப் பக்கத்தைக் கொடுப்பது என்பதில்தான் கவனம் வேண்டும். முதல் அத்தியாயம் எப்போதும் பொருத்தமானதல்ல. பல நாவல்கள் மெதுவாகத் தொடங்கி நடுவில்தான் சூடேறுகின்றன. கொடுக்கும் பகுதி முன்கதை தெரியாமலே புரிய வேண்டும், தனியாகப் படித்தாலும் ஒரு நிறைவு கிடைக்க வேண்டும், கதையின் முடிச்சை அவிழ்த்துவிடவும் கூடாது. ஒரு சண்டை, ஒரு சந்தை நாள், ஒரு கிழவியின் பேச்சு, ஒரு தொழிலின் நுட்பம் சொல்லப்படும் இடம் போன்றவை இதற்கு ஏற்றவை. மாறாக, முன்பின் இல்லாமல் தவறாகப் படிக்கப்படக்கூடிய பகுதியை வெட்டிப் போடுவது ஆபத்து. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010-இல் வந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து அதன் சில பக்கங்கள் மட்டும் நகலெடுத்து விநியோகிக்கப்பட்டபோதுதான் திருச்செங்கோட்டில் கொந்தளிப்பு மூண்டது. 2015 ஜனவரியில், எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே ஃபேஸ்புக்கில் அறிவிக்க நேர்ந்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2016 ஜூலையில் எழுத்துரிமைக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது என்றாலும், இடையில் அவர் பட்ட வேதனை சிறிதல்ல. அங்கே பக்கங்களைப் பிரித்தவர்கள் எதிர்ப்பாளர்கள். எழுத்தாளரே பிரித்துத் தரும்போது, அந்தப் பக்கம் தனியாக நிற்குமா என்று இரண்டு பேரிடமாவது படிக்கக் கொடுத்துப் பார்ப்பது நல்லது.

பக்கத்தை எழுத்தாகப் போடுவதைவிடக் குரலில் போடுவது இன்று அதிகத் தூரம் போகிறது. தமிழ் வாசகர் கதை கேட்பதில் தீராத விருப்பம் உள்ளவர். திருவண்ணாமலையிலிருந்து பவா செல்லதுரை சொல்லும் கதைகளை யூடியூபில் கேட்டுவிட்டு மூல நூலைத் தேடிப் போனவர்கள் ஏராளம். இலக்கியக் கூட்டங்களை விடாமல் பதிவு செய்து ஏற்றிவரும் சுருதி டிவியும் ஊரில் இல்லாத வாசகர்களுக்குப் பெரிய வாசலாக இருக்கிறது. யூடியூப் ஷார்ட்ஸ் 2024 அக்டோபர் முதலும், இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் 2025 ஜனவரி முதலும் மூன்று நிமிடம் வரை அனுமதிக்கின்றன. நிதானமாக வாசித்தால் ஏறக்குறைய 300 சொற்கள் அதில் அடங்கும். ஒரு காட்சிக்கு அது போதும். வாசிப்பவர் எழுத்தாளராகவே இருக்க வேண்டியதில்லை. நாவல் தூத்துக்குடி உப்பளத்தில் நடக்கிறதென்றால், அந்த உரையாடலை உப்பளத்தில் வேலை செய்த ஒரு பெண்மணி தன் பேச்சு வழக்கிலேயே வாசிப்பதற்கு ஈடாக எந்தத் தொழில்முறைக் குரலும் வராது. அவர் வாசிப்பதைத் தாளில் உள்ளபடி திருத்தக் கூடாது; அவர் நாக்கில் வரும் மாற்றங்களோடு பதிவு செய்வதே அழகு. அவர் சம்மதம் வேண்டும், உழைப்புக்குப் பணமும் தர வேண்டும்.

இதில் சில நடைமுறைச் சிக்கல்கள் உண்டு. பலர் ஒலியை அணைத்துவிட்டுத்தான் பார்க்கிறார்கள் என்பதால் திரையில் வரிகள் ஓட வேண்டும். சில எடிட்டிங் செயலிகளில் கொம்பும் புள்ளியும் இடம் மாறித் தமிழ் சிதைந்துவிடும். ஏற்றுவதற்கு முன் எழுத்தெழுத்தாகச் சரிபார்க்காத பதிவு, எழுத்தாளர் மீதான மதிப்பை முதல் நொடியிலேயே குறைத்துவிடும். பின்னணியில் சினிமாப் பாடலைப் போடும் ஆசையை விட்டுவிடுவதே மேல். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் நாவலாசிரியரைக் காப்பது போலவே இசையமைப்பாளரையும் காக்கிறது. இன்ஸ்டாகிராமில் வணிகக் கணக்கு வைத்திருப்பவர்களுக்குப் பெரும்பாலான சினிமாப் பாடல்கள் கிடைப்பதும் இல்லை. நாவல் நடக்கும் இடத்தின் ஒலியே, கடலோ தறியோ பேருந்து நிலையமோ, போதுமானது.

இடம் சார்ந்த யோசனைகளில் இன்னும் ஆழம் இருக்கிறது. 'பொன்னியின் செல்வ'னில் வந்தியத்தேவன் குதிரையில் வந்த வீராணம் ஏரிக்கரையைத் தேடி இன்றும் வாசகர்கள் குழுவாகப் பயணம் போகிறார்கள். ஒரு நாவல் நிஜமான ஊரில் நடந்தால், அதன் தெருக்களை நடந்து காட்டும் காணொளித் தொடர் எடுக்கலாம். கற்பனை ஊர் என்றால் கையால் வரைந்த வரைபடம் போடலாம். வட்டார வழக்குள்ள நாவலுக்கு நாளொரு சொல் என்று ஒரு வரிசை தொடங்கலாம்: சொல், அது வரும் நாவல் வரி, அதைச் சொல்லும் ஒருவரின் குரல். கி. ராஜநாராயணன் கரிசல் வழக்குக்கும் பெருமாள்முருகன் கொங்கு வழக்குக்கும் அகராதியே தொகுத்தவர்கள். தங்கள் கதைமாந்தரின் பேச்சை அவ்வளவு மதித்தார்கள். 'எங்கள் ஊரில் இதை இப்படிச் சொல்வோம்' என்று வாசகர்கள் கீழே எழுதத் தொடங்கிவிட்டால், நாவலைப் பற்றிய பேச்சு எழுத்தாளர் இல்லாமலே நடக்கும். முகமறியாத நூறு பேரின் விருப்பக்குறியைவிட அந்த ஊர்க்காரர் ஐந்து பேரின் விவாதம் மதிப்புள்ளது.

ஓவியத்தையும் மறக்கக் கூடாது. 'பொன்னியின் செல்வ'னின் முகங்கள் மணியம் வரைந்தவை. அவர் மகன் மணியம் செல்வன் 'வேள்பாரி'க்கு வரைந்தார். 'வெண்முரசு'க்கு ஷண்முகவேல் வரைந்தார். நாவலாசிரியரின் தலைமுறையைச் சேர்ந்த இளம் ஓவியர் ஒருவரிடம் நான்கைந்து காட்சிகளை வரைந்து வாங்கினால், இரண்டு கலைஞர்களின் வாசகர்களும் ஒரே இடத்தில் சேருவார்கள். கூலி பேசித்தான் வாங்க வேண்டும். பெயரையும் படத்திலேயே போட வேண்டும்.

தமிழ்நாட்டில் வாட்ஸ்அப்பின் வீச்சைப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். குடும்பக் குழு, பழைய மாணவர் குழு, ஆசிரியர் குழு, நூலக வாசகர் வட்டம் என்று அதன் கிளைகள் இலக்கியத்துக்கு வெளியே உள்ளவர்களையும் தொடுகின்றன. ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஒரு செய்தியை ஃபார்வர்டு செய்ய முடியாது என்ற வரம்பை இந்தியாவில் 2018-இல் கொண்டுவந்தார்கள். அதிகம் சுற்றிய செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாம் என்ற கட்டுப்பாடு 2020-இல் வந்தது. ஆக, கண்மூடித்தனமாகப் பரப்பும் வழி அடைபட்டிருக்கிறது. ஒருவர் விரும்பி அனுப்பினால்தான் போகும். படம் கைமாறும்போது அதனோடு எழுதிய குறிப்பு பெரும்பாலும் உதிர்ந்துவிடும் என்பதும் நினைவிருக்க வேண்டும். நாவலின் பெயர், எழுத்தாளர், பதிப்பகம், விலை, வாங்குவதற்கான எண் எல்லாம் படத்துக்குள்ளேயே இருந்தால்தான் பத்தாவது ஆளிடம் போய்ச் சேரும்போதும் பயன்படும். அந்த எண் பதிப்பகத்தின் எண்ணாக இருக்கட்டும். சொந்த எண்ணை ஊர் முழுக்கப் பரப்புவது, குறிப்பாகப் பெண் எழுத்தாளர்களுக்கு, தேவையற்ற தொல்லை. இன்ஸ்டாகிராம் பதிவின் கீழே இணைப்பைப் போட்டால் அதைத் தொட்டுத் திறக்க முடியாது. முகப்புக் குறிப்பில் வைக்க வேண்டும், அல்லது ஸ்டோரியில் ஒட்ட வேண்டும்.

வாசகர்களைப் பேசவைப்பது எல்லாவற்றிலும் கடினமானது. கோலீன் ஹூவரின் 'இட் எண்ட்ஸ் வித் அஸ்' 2016-இல் வந்த நாவல். ஐந்து ஆண்டுகளுக்குப் பின், டிக்டாக்கில் இளம் வாசகிகள் தங்கள் அறையில் உட்கார்ந்து அதைப் பற்றிப் பேசிய காணொளிகளால் விற்பனைப் பட்டியலின் உச்சிக்குப் போனது. அந்த அலையை எழுப்பியவர்கள் வாசகர்களே. அதைப் போலச் செய்ய வைக்க யாராலும் முடியாது, ஆனால் வழி திறந்து வைக்கலாம். முதல் பிரதிகளைப் பிரபலங்களுக்கு அனுப்பிக் காத்திருப்பதைவிட, படித்ததும் நாலு வரி எழுதும் பழக்கமுள்ள சாதாரண வாசகர்களுக்கும், நூலகர்களுக்கும், கல்லூரித் தமிழ் ஆசிரியர்களுக்கும் அனுப்புவது பலன் தரும். பாராட்டோடு குறையும் சொல்லும் மதிப்புரையை எழுத்தாளர் தன் பக்கத்தில் முழுதாகப் பகிர்ந்தால், மற்ற பாராட்டுகளும் நம்பத் தக்கவை ஆகின்றன. காசு கொடுத்துப் பேசவைத்தால் அது விளம்பரம் என்பதைச் சொல்லிவிட வேண்டும்; இந்திய விளம்பரத் தர நிர்ணயக் குழு 2021 முதல் வலியுறுத்துவதும் அதுதான். பொதுமுடக்கக் காலத்தில் ஜூமில் பழகிய இணையக் கூட்டங்கள் இன்றும் கனடாவையும் சிங்கப்பூரையும் ஐரோப்பாவையும் ஒரே மாலையில் இணைக்கின்றன. அச்சுப் பிரதிக்குக் கூரியர் செலவு விலையை மிஞ்சும் அந்த நாடுகளின் வாசகர்களுக்கு மின்னூல் தயாராக இருக்க வேண்டும்.

காலத்தேர்வும் முக்கியம். 1977-இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சி பொங்கலை ஒட்டி நடப்பதால், தமிழ் நூல்களில் பெரும்பகுதி டிசம்பரிலும் ஜனவரியிலும் குவிகிறது. அந்த வாரங்களில் எல்லோருடைய பக்கத்திலும் அட்டைப்படங்களும் அரங்கு எண்களும்தான். புதியவரின் குரல் அதில் கேட்காது. ஜனவரியில்தான் நூல் வருகிறதென்றால் பக்கங்களை அக்டோபரிலேயே கொடுக்கத் தொடங்கியிருக்க வேண்டும். பதிப்பாளர் ஒத்துக்கொண்டால், நெய்வேலி புத்தகக் கண்காட்சியும் ஈரோடு புத்தகத் திருவிழாவும் நடக்கும் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் வெளியிடுவது முதல் நாவலுக்கு இன்னும் நல்லது.

காசு கட்டிச் செய்யும் ஃபேஸ்புக் விளம்பரம், ஏற்கெனவே தானாக நன்றாக ஓடிய பதிவுக்கு மட்டும் சிறு தொகையில் செய்யத் தக்கது. ஹேஷ்டேக் இரண்டு மூன்று போதும். எதிர்மறையான விமர்சனத்துக்குப் பதில் எழுதாமலிருப்பது நல்லது; தகவல் பிழை இருந்தால் மட்டும் ஒரு வரியில் திருத்தலாம். நாவலின் பிடிஎஃப் டெலிகிராமில் சுற்றுவது தெரிந்தால் புகார் செய்து நீக்கக் கோரும் உரிமை எழுத்தாளருக்கும் பதிப்பாளருக்கும் உண்டு. அதைத் தயங்காமல் செய்ய வேண்டும், ஆனால் பொதுவில் வாசகர்கள் அனைவரையும் திட்டிப் பதிவு போடுவது விலை கொடுத்து வாங்கியவர்களைத்தான் புண்படுத்தும்.

கடைசியாகச் சேமிப்பு. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. அங்கே பல ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த பார்வையாளர்களை அதன் கலைஞர்கள் சில நாட்களுக்குள் இழந்தார்கள். எந்த நிறுவனத்தின் மேடையும் எழுத்தாளருக்குச் சொந்தமல்ல. போடும் ஒவ்வொரு வாசிப்புக்கும் படத்துக்கும் அசல் கோப்பு கையில் இருக்க வேண்டும். எல்லாம் ஒரு சொந்த வலைத்தளத்திலும் ஏற வேண்டும். நேரடியாக நூல் வாங்கியவர்களின் மின்னஞ்சல் முகவரியை அவர்கள் சம்மதத்தோடு ஒரு பட்டியலாக வைத்துக்கொண்டு, இரண்டாவது நாவலின் முதல் பக்கம் தயாரானதும் அவர்களுக்கே முதலில் அனுப்பலாம்.