பசுமைச் சொல்லும் நிற உணர்வும்

முன்னுரை

நிறப்பெயர்கள் குறைந்த மொழியினர் நிறங்களையும் குறைவாகவே கண்டனரா என்பது சொற்பொருளியலில் நெடுநாளைய வினாவாகும். ஹோமர் குறித்த தம் நூலில் (1858) கிளாட்ஸ்டன், பண்டைக் கிரேக்கரின் நிற உணர்வு முழு வளர்ச்சி பெறவில்லை எனக் கருதினார். இக்கருத்தைப் பசுமைச் சொற்களின்வழி இக்கட்டுரை மறுக்கிறது.

பசுமையின் இரு நிறங்கள்

‘பசு’ என்னும் அடி பசும்புல்லில் பச்சையையும் பசும்பொன்னில் மஞ்சளையும் சுட்டுகிறது. பிரிவுற்ற தலைவியின் மேனியில் படரும் பசலையும் இவ்வடியில் பிறந்ததே. அப்பசலைக்குச் சங்கப் புலவர் பீர்க்கம்பூவை உவமையாக்கினர். இலையின் நிறமும் பூவின் நிறமும் அவர்க்கு ஒன்றாகவே தோன்றியிருப்பின், பூவைத் தேர்ந்தெடுக்க வேண்டிய தேவை எழுந்திராது. பெயர் பகுக்காததை உவமை பகுக்கிறது.

தெலுங்கிலும் ‘பச்ச’ இவ்விரு நிறங்களுக்கும் பொதுவாக வழங்குகிறது. வேறுபடுத்த வேண்டுமிடத்து இலையைக் குறிக்கும் ‘ஆகு’, மஞ்சளைக் குறிக்கும் ‘பசுபு’ ஆகியவற்றை அடையாக்கி, ‘ஆகுபச்ச’, ‘பசுபுபச்ச’ என்பர். பொதுப்பெயர் அவர்தம் கண்ணை மறைக்கவில்லை.

முடிவுரை

சொல் ஒன்றாயிருத்தல் காட்சி ஒன்றாயிருத்தலுக்குச் சான்றாகாது. எனவே, சங்கப் பாடல்களில் ‘பசு’ என வருமிடமெல்லாம் பச்சை எனப் பொருள் கொள்ளாது, உவமையும் சூழலும் நோக்கியே நிறத்தைத் துணிதல் வேண்டும்.